இரும்பையில் விட்டுப்போன டெஸ்டர்

உ

திண்டிவனம்,
விஜயதசமி முடிந்த சனிக்கிழமை.

மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவரும், என் மகள் கலைப்பிரியாவின் மாமனாரும், விழுப்புரத்தில் கோபமாக வசித்து வருபவருமான சம்பந்தி திரு. முருகையன் அவர்களின் சமூகத்துக்கு, திண்டிவனம் பத்திர எழுத்தர் சின்னதுரை பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். என் மனைவி வேணி நலம். வேன் நலம். தாங்கள் இரும்பைக் கோயிலருகே விட்டுவிட்டுப் போன கரண்ட் டெஸ்டர் நலம். அதனோடு சேர்த்து விட்டுவிட்டுப் போன தங்கள் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற அன்புச்செல்வி, உயிரோடு இருக்கிறார். நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அங்கு தாங்கள் யார் கையால் காப்பி குடிக்கிறீர்கள், அதில் சர்க்கரை போட்டுக்கொள்கிறீர்களா என்பதை அறிய இங்கே ஒருவர் மிகுந்த ஆவலாக இருக்கிறார்.

தொழில் பழக்கம், ஒன்றை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தை யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல், நல்ல நினைவோடும் முழு மனச்சம்மதத்தோடும், தனியாக உட்கார்ந்து நானே எழுதுகிறேன். வேணி அடுப்படியில் இருக்கிறாள். தங்கச்சி உள்ளறையில் படுத்திருக்கிறார். அவர் விஜயதசமி மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படாமல் கிடக்கிறார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. வளையல் கழன்று கழன்று விழுகிறது. தாங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது.

போனில் சொல்லலாம் என்றால் தங்கள் செல்போன் அணைந்து கிடக்கிறது. நான் அடித்தாலும், சென்னையிலிருந்து பிள்ளைகள் அடித்தாலும், ஒரு பெண்தான் எடுத்து, தாங்கள் இல்லை என்பதை இனிமையாகச் சொல்கிறாள். தங்கச்சியை வேனிலேயே கொண்டுவந்து விடலாம் என்றால், "அந்த வண்டி விழுப்புரத்து எல்லைக்குள்ள நுழைஞ்சா நான் ஊர காலி பண்ணிடுவேன்" என்று தாங்கள் சாலையில் நின்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சரி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பலாம் என்றால் அவர் அதற்கு மேல் இருக்கிறார். "உட்டுட்டுப் போனவருதான் வந்து கூட்டிக்கினு போவணும். என்ன யாரும் கொண்டாந்து தள்ள வேணாம்" என்று சொல்லிவிட்டார். ஒருவர் வர மாட்டார், ஒருவர் போக மாட்டார், நடுவில் நான் இருக்கிறேன். எவ்வளவோ குடும்பங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த எனக்கு, இந்த விவகாரத்திலிருந்து என்னை விடுவித்துக்கொள்ள வழி தெரியவில்லை. ஆகவே நடந்ததை ஆதியோடு அந்தமாக எழுதுகிறேன். கோபம் குறையாவிட்டாலும் படித்து முடியுங்கள்.

இந்த வேன் யோசனை யாருடையது? தங்களுடையது. இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, பெருமையாகவே எழுதுகிறேன். கும்பகோணத்துக் கோயில்களைப் பார்க்க நாம் நால்வரும் போயிருந்தபோது, லாட்ஜில் கரண்ட் போயிற்று. வேணிக்கு மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராது. தங்கச்சிக்கு ஊரார் தலையணையில் தூக்கம் வராது. எனக்கு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தால் தூக்கம் வராது. தாங்களோ, கரண்ட் போன இடத்தில் ஏன் போனது என்று தெரியாமல் படுக்கிற ஆள் இல்லை. லாட்ஜின் பியூஸ் பெட்டியைத் திறந்து, மேனேஜரிடம் திருடன் என்று பெயர் வாங்கி, அதையும் சரி செய்து கொடுத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்ததும் சொன்னீர்கள்: "சம்பந்தி, நமக்குன்னு ஒரு வண்டி. உள்ள நாலு பேரு படுக்க எடம், ஒரு அடுப்பு, ஒரு பேனு. மேல ரெண்டு சோலார் பேனலு. சூரியன் இருக்கிற வரைக்கும் எவன் தயவும் வேணாம். அப்பிடியே கன்னியாகுமரி வரைக்கும் போயிக்கினே இருக்கலாம்." வேணி கன்னியாகுமரியைப் பார்த்ததில்லை. தங்கச்சியும் பார்த்ததில்லை. அந்த நிமிஷமே இருவரும் எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்ப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு மேல் நாம் வாங்காமல் இருந்தால் அது ஆண்மைக்கு அழகா?

அனந்தபுரம் பக்கம் விலைக்கு வந்த பழைய ஸ்கூல் வேனை வாங்கினோம். மஞ்சள் நிறம் மாறவில்லை. பின்பக்கம் "குழந்தைகள் ஜாக்கிரதை" என்று எழுதியிருப்பதை அழிக்கலாமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும் சம்பந்தி, உள்ள போறவங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்குது" என்றீர்கள். சீட்டுகளைக் கழற்றி, பலகை போட்டு, மெத்தை தைத்து, ஜன்னலுக்குத் தங்கச்சி பழைய புடவையில் திரை தைத்து எல்லாம் ஆயிற்று. மிச்சம் இருந்தது மேல்கூரை. மேற்படி மேல்கூரைக்கு நான்கெல்லை வருமாறு: கிழக்கே முன்கண்ணாடி, மேற்கே ஏணி, வடக்கே எங்கள் வாசல் வேப்பமரம், தெற்கே எதிர்வீட்டு அஞ்சம்மாள் எந்நேரமும் எட்டிப் பார்க்கும் மாடி. இதற்குள் அடங்கிய இடத்தில்தான் தாங்களும் சிக்கந்தர் பாட்சாவும் சண்டை போட்டீர்கள்.

சிக்கந்தர் பாட்சாவைக் கூட்டி வந்தது நான். கோட்டக்குப்பத்துக்காரர், நான் பத்திரம் எழுதிக் கொடுத்த வகையில் பழக்கம். துபாயில் இந்தச் சோலார் வேலையிலேயே இருந்துவிட்டு வந்து இங்கே கடை போட்டிருக்கிறார். தங்கமான மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் துபாய். "சார், அங்க பாலைவனத்துல எத்தினி வண்டிக்கு போட்டுக் கொடுத்திருக்கேன் தெரியுமா? நாலு மூலைக்கும் நாலு பிராக்கெட்டு, அடியில நல்ல பசை. கூரையில ஒரு ஓட்டை போட வேணாம். ஜல்தியா முடிஞ்சிரும்" என்றார். தாங்கள் மீசையைத் தடவிக்கொண்டு, "பாய், உங்க பாலைவனத்துல ஸ்பீடு பிரேக்கர் இருக்குதா?" என்று கேட்டீர்கள். அவர் யோசித்தார். "இங்க தெருவுக்குத் தெரு இருக்குது. பசைய நம்பி நான் வண்டியில ஏற மாட்டேன். கரண்டு போஸ்டுல கிளாம்ப் போடுறாப்புல இரும்பு வெச்சி, போல்ட்டு உட்டு முறுக்கணும்" என்றீர்கள். உள்ளே இருந்து வேணி ஓடி வந்து, "ஐயோ அண்ணே, வாங்குன சூட்டோட வண்டி மண்டையில ஓட்டை போடுவாங்களா? மழ பேஞ்சா யாரு தலையில ஊத்தும்?" என்றாள். எதிர்மாடியிலிருந்து அஞ்சம்மாளும் ஒரு அபிப்பிராயம் சொன்னாள். அதை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் நான்தான் பாகப்பிரிவினை செய்து வைத்தேன். இடப்பக்கத்துப் பேனல் பாயுடையது, பசை. வலப்பக்கத்துப் பேனல் தங்களுடையது, போல்ட்டு. ஒருவர் பாகத்தில் ஒருவர் கை வைக்கக்கூடாது. இருவரும் மேலே முறைத்துக்கொண்டு வேலை செய்ய, நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு உயரம் ஆகாது என்பது தாங்கள் அறிந்தது. தாங்கள் போட்ட ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் வாஷர் வைத்து, அதன்மேல் தார் பூசி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி, உள்ளே போய் அண்ணாந்து பார்த்து, ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று பாயைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அவரும் விட்டுக்கொடுக்காமல் தன் பேனலைப் பிடித்துத் தொங்கிக் காட்டினார்.

சுவிட்சைத் தட்டியதும் பேன் சுற்றியதே, அந்த நேரத்துத் தங்கள் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு அதன் அடியில் நின்றீர்கள். "பாத்தீங்களா சம்பந்தி, மீட்டரு இல்ல, போஸ்டு இல்ல, ஒயர் அறுந்துச்சின்னு போன் பண்ண ஆளு இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். தங்கச்சி வேணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிட்டேர் ஆனதுலேர்ந்து இந்தச் சிரிப்பப் பாக்கவே இல்ல வேணி" என்று சொன்னதை நான் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தார் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன்பிறகு அந்தப் பேனல்களை நாங்கள் காத்த காவல் இருக்கிறதே, கைக்குழந்தையைக்கூட அப்படிக் காத்திருக்க மாட்டோம். ஊருக்குக் கிளம்புகையில் தாங்கள் போட்ட உத்தரவு: மேலே எதுவும் படக்கூடாது, நிழல்கூட விழக்கூடாது. வேப்பமரத்தின் கிளையை வெட்டினேன். நல்ல வெயிலில் அவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கிறதே என்று வேணிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒரு மல்லாட்டை, ஒரு வடகம் அதில் காயப்போட்டாள் இல்லை. அஞ்சம்மாள் ஒரே ஒரு முறம் மிளகாய் என்று கெஞ்சியதற்கும், "அது கரண்டு புடிக்கிற எடம், காரம் புடிக்கிற எடம் இல்ல" என்று சொல்லி அனுப்பினாள். காக்காய் உட்கார்ந்தால் அவளே கோலை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவ்வளவு சுத்தம். இதைத் தயவு செய்து மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். பழைய ஆபீசில் பூஜைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தாங்கள் விழுப்புரத்திலேயே நின்றுவிட்டீர்கள். தங்கச்சி மட்டும் வேணிக்கு ஒத்தாசையாக முன்னாலேயே வந்துவிட்டார். வண்டியைக் கழுவினோம். ஸ்டியரிங்குக்குச் சந்தனம், நாலு டயருக்கும் பட்டை, அடுப்புக்குப் பொட்டு, பேனுக்குப் பொட்டு, பேட்டரிக்குப் பொட்டு, என் பத்திரப் பேனாவுக்கும் பொட்டு. எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு, வண்டிக்கே உயிர் கொடுக்கிற பேனலை விட்டுவிட முடியுமா? ஆகவே நான், சின்னதுரை ஆகிய நானே, ஒரு கிண்ணம் சந்தனமும் ஒரு கிண்ணம் குங்குமமும் விபூதியும் எடுத்துக்கொண்டு, ஏணியில் ஏறி, இரண்டு பேனலுக்கும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டை போட்டு, நடுவில் அப்பளம் அகலத்துக்குப் பொட்டு வைத்தேன். வேறு யாரும் வைக்கவில்லை. இதை அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

மறுநாள் விஜயதசமி. தாங்கள் காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கி, நாம் நால்வரும் முதல் சவாரியாக இரும்பை மாகாளேஸ்வரரைப் பார்க்கக் கிளம்பியதும், தாங்கள் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்ததும், பேன் காற்றில் பின்னால் இரண்டு பெண்களும் குறட்டை விட்டதும், எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அதுவரைக்கும் பேட்டரியில் பழைய இருப்பு இருந்திருக்கிறது. வரவு நின்றுபோனது நமக்குத் தெரியவில்லை. கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து, நான் வண்டியை எடுத்து நல்ல மரநிழலாகப் பார்த்து நிறுத்தினேன். சாப்பாட்டு வேளைக்குள் பேன் தள்ளாடி நின்றது. "நெழல்ல நிறுத்திட்டு சோலாரு வேலை செய்யலன்னா எப்பிடி சம்பந்தி?" என்று தாங்கள் கடிந்துகொண்டது நியாயம். வெயிலுக்கு நகர்த்தினோம். வண்டி அடுப்பாயிற்று, பேன் அசையவில்லை. சார்ஜ் ஏறினால் எரிய வேண்டிய பச்சை விளக்கும் எரியவில்லை.

தாங்கள் மேலே ஏறினீர்கள். இந்த இடத்தை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. ஈரத்துணியை வாங்கி, கண்ணாடியின்மேல் இருந்த புழுதியை ஒரு துளி விடாமல் துடைத்தீர்கள். துணி பட்டையின் ஓரம் வரை போகும், நின்றுவிடும். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும். பொட்டின் விளிம்பு கலையாமல், விரல் நுனியில் துணியைச் சுற்றி, அதைச் சுற்றிச் சுற்றித் துடைத்தீர்கள். இறங்கி வந்து, "மேல பளிங்கு மாதிரி இருக்குது சம்பந்தி, ஒரு தூசி இல்ல" என்றீர்கள். நாங்களும் ஆமாம் என்றோம். ஒரு காக்காய் எச்சம் இருந்திருந்தால் அலறியிருப்போம். சந்தனமும் குங்குமமும் நம் யார் கண்ணுக்கும் அழுக்காகத் தெரியவில்லை. எப்படித் தெரியும்?

போன் போட்டதும் சிக்கந்தர் பாட்சா பைக்கில் வந்து சேர்ந்தார். அவரும் மேலே ஏறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "பேனலு நல்ல பேனலுதான் சார்... வந்து..." என்று இழுத்தார். அதற்குள் தாங்கள் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஒயர் முனையில் வைத்துவிட்டீர்கள். எரியவில்லை. "பாத்தியா பாய், உன் பேனலுல கரண்டே இல்ல. டூப்ளிகேட்ட தலையில கட்டிட்ட" என்றீர்கள். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சார், இது டிசி. பேட்டரி கரண்டுல அந்த டெஸ்டரு எரியாது. வேலை செஞ்சாலும் எரியாது. இது உங்க போஸ்டு இல்ல" என்றார். தாங்கள் டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எல்லாப் பத்திரத்திலும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் யோசித்து வார்த்தை போடுகிறவன், அன்றைக்கு யோசிக்காமல், "ஒருவேள உங்க கனெக்‌ஷன்லதான் எதுனா தப்பு இருக்குமோ சம்பந்தி?" என்று கேட்டுவிட்டேன்.

புயலிலும் வெள்ளத்திலும் கம்பத்தில் ஏறி ஊருக்கு விளக்குப் போட்ட மனிதரைப் பார்த்து, ஒரு பேன் ஒயருக்காக நான் கேட்ட கேள்வி அது. டெஸ்டரை டிரைவர் சீட்டின்மேல் மெதுவாக வைத்தீர்கள். வேணி இலை போட்டு, புளிசாதமும் சுண்டலும் வைத்து, "அண்ணே, உக்காருங்க" என்று கையைப் பிடித்தாள். "எனக்குத்தான் ஒண்ணும் தெரியலியே வேணி, எனக்கு எதுக்கு சோறு" என்று சொல்லிவிட்டு, சாலையில் நின்று விழுப்புரத்து எல்லையைப் பற்றிய அந்த அறிவிப்பையும் செய்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டீர்கள். ஆட்டோ கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தங்கச்சி, "என்ன உட்டுட்டே போயிட்டாரே" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியை நான் ஓட்டினேன். தங்கச்சி முன்சீட்டில் டெஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்ட இலையில் தாங்கள் கை வைக்காமல் போனதை நினைத்து வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

நேற்று விடியற்காலையில் இங்கே நல்ல மழை. விடிந்ததும் அஞ்சம்மாள் கதவை இடித்து, "அடப் பாவிங்களா, யார அடிச்சிட்டு வந்து வண்டிய நிறுத்தியிருக்கீங்க?" என்று தெருவைக் கூட்டிவிட்டாள். போய்ப் பார்த்தால், மஞ்சள் வண்டியின் இரண்டு பக்கமும் செக்கச்செவேல் என்று வழிந்து, வாசல் பூராவும் சிவப்புத் தண்ணீர். குங்குமம் என்று நான் சொல்லி, அவள் விரலால் தொட்டு மோந்து பார்த்து, நெற்றியில் வைத்துக்கொண்டு போனாள். மழை விட்டு வெயில் வந்தது. கொஞ்ச நேரத்தில் வண்டிக்குள் ஏதோ சத்தம் கேட்டு வேணி எட்டிப் பார்த்தாள். இரும்பையில் அணைக்காமல் விட்ட சுவிட்ச். பேன் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, சம்பந்தி. பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. தங்கள் கனெக்‌ஷனில் ஒருவரும் கை வைக்கவில்லை. தங்கள் ஓட்டைகளில் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

உடனே சிக்கந்தர் பாட்சாவுக்குப் போன் போட்டேன். அவர், "அண்ணே, மேல ஏறுன ஒடனே எனக்குத் தெரிஞ்சிப்போச்சி. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நெழல் விழுந்தா பேனலு மொத்தமும் படுத்துரும். அது நெழலா இருந்தா இன்னா, சந்தனமா இருந்தா இன்னா" என்றார். "ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன். "சாமி சமாச்சாரம்ணே. நான் எப்பிடி அத அழின்னு சொல்றது? சொல்லலாமா வேணாமான்னு நெனச்சிக்கினு இருக்கறதுக்குள்ள சாரு டெஸ்டர எடுத்துட்டாரு, பேஜாரா போச்சி" என்றார். தங்களிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கவும் தயாராக இருக்கிறார். டூப்ளிகேட் என்ற வார்த்தையைத் தாங்கள் திரும்ப வாங்கிக்கொண்டால் பிரியாணியும் போடுவதாகச் சொல்கிறார்.

ஆக, தப்பு தங்கள் வேலையில் இல்லை. பாய் கொடுத்த பேனலில் இல்லை. பொட்டு வைத்த என் கையில் இருந்தது. நானே குற்றவாளி. என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. தாங்கள் இன்னும் வர மறுத்தால், இந்த வேனையே விற்று, பணத்தைத் தங்கள் காலடியில் வைத்துவிட்டு, கன்னியாகுமரியையும் மறந்துவிட்டு, பழையபடி வீட்டிலேயே கிடக்கச் சித்தமாக இருக்கிறோம். வேணியும் தங்கச்சியும் கடலுக்கென்று எடுத்து வைத்த புடவைகளைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். தங்களைப் போல ஒரு சம்பந்தி இல்லாமல் எனக்கு எந்தக் கடலும் வேண்டாம். பெண்ணைக் கொடுத்த இடத்தில் மரியாதை கிடைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு அங்கே ஒரு சிநேகிதர் கிடைத்தார். அவரை ஒரு பொட்டுக்காக இழக்க நான் தயாராக இல்லை.

பிள்ளைகளுக்கும் வரப்போகும் பேரப்பிள்ளைகளுக்கும் மாகாளேஸ்வரர் நீண்ட ஆயுளும், தங்களுக்குச் சீக்கிரமாகக் கோபம் தணிகிற மனமும், எனக்கு நேரம் பார்த்து மூடுகிற வாயும் அருள்வாராக. இலை இன்னும் போட்டபடியே இருப்பதாக நினைத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மேலே கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறி ஒப்பமிடும்,
தங்கள் சம்பந்தி,
சின்னதுரை.

பின்குறிப்பு (இது அன்புச்செல்வி எழுதுறது):

என்னங்க, எனக்கு அண்ணன் மாதிரி எழுத வராது. பேசுறாப்புல எழுதுறேன்.

மேல அண்ணன் எழுதுனதுல பாதி பொய்யி. யாரும் தூண்டலன்னு எழுதியிருக்காரு. ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் வேணியும் உக்காந்துக்கினு சொல்லச் சொல்லத்தான் எழுதுனாரு. நான் சாப்புடலன்னு எழுதியிருக்காரு. அப்பிடி எழுதுனாதான் நீங்க வருவீங்களாம். நான் நல்லா சாப்புடுறேன். காலையிலகூட கேப்பை அடை நாலு சாப்ட்டேன். வளையலு கழலல, இறுக்கமா இருக்குது. வண்டிய விக்கிறதா எழுதியிருக்காரு, அதுவும் பொய்யி. நேத்து பேன் சுத்துனதுலேர்ந்து அவரு அதுக்குள்ளதான் படுத்துக்கெடக்குறாரு. புடவ ரெண்டும் வெளியிலதான் இருக்குது.

பொட்ட அவரு வெக்கல. ஏணியில ரெண்டாவது படியில ஏறுனாலே தல சுத்துற மனுசன் எங்க மேல ஏறுறது? நான்தான் ஏறுனேன். வேணி ஏணியப் புடிச்சா, அண்ணன் கண்ண மூடிக்கினு நின்னாரு. எம்மேல நீங்க கோச்சிக்கக் கூடாதுன்னு தன் தலையில போட்டுக்கிட்டாரு. எழுதும்போது சரின்னுதான் கேட்டுக்கினு இருந்தேன். படிச்சிக் காட்டுனப்போ மனசு கேக்கல.

ரெண்டு பேனலுக்கும் ஒரே மாதிரி வெச்சதா எழுதியிருக்காரு. அதுவும் இல்ல. பட்ட ரெண்டுக்கும் ஒண்ணுதான், பொட்டு மட்டும் பாய் பேனலுக்கு சின்னதா வெச்சேன். நீங்க மாட்டுனதுக்குத்தான் பெருசா வெச்சேன். அன்னைக்கி நீங்க அப்பிடி சிரிச்சீங்களே, யாரு கண்ணும் பட்டுடக் கூடாதுன்னு வெச்சேன். அதுவே உங்க வேலைய கெடுக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க மேல ஏறி அதக் கலைக்காம சுத்திச் சுத்தித் தொடச்சீங்க பாருங்க, கீழ நின்னுக்கினு நான் பாத்தேன். நான் வெச்சதுன்னு தெரிஞ்சிதான் அப்பிடி தொடச்சீங்களான்னு வந்தா கேக்கணும்.

இப்ப கண்ணாடியெல்லாம் சுத்தமா தொடச்சிட்டேன். உங்க பேனலு ஓரத்துல, இரும்புச் சட்டத்துல மட்டும் கடுகளவு ஒரு பொட்டு இருக்குது. அது கரண்டுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு பாய் சொல்லிட்டாரு.

காப்பிக்கு சக்கர போட்டுக்காதீங்க. டெஸ்டர வீட்டு பிளக்குல நானே உட்டுப் பாத்தேன். நல்லாத்தான் எரியுது. வந்து வாங்கிக்கோங்க.